நிறுத்தி வைத்த கணினி

ரெனிஷின் உடலைப் பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்பிவிட்டு வந்த வாரம், ஏசுராஜ் வீட்டுக் கணினியைத் திறந்தபோது ‘வர’ என்ற ஃபோல்டரில் புதிதாக ஒரு ஃபைல் கிடந்தது.

பழையதாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தான். தேதியைப் பார்த்தான். அன்றைய தேதி. மதிய நேரம். மதியம் அவன் ஆபீஸில் இருந்தான். மனைவி ஜெயசெல்வி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு லைப்ரரிக்குப் போயிருந்தாள். வீடு பூட்டிக் கிடந்தது. அறைக்குள் இன்னும் ரெனிஷின் வாசம் இருந்தது. தேங்காய் எண்ணெயும் தலைவலித் தைலமும் சரியாகக் காயாத சாக்ஸும் கலந்த அந்த வாசம் கார்பெட்டில் ஊறிப்போய், ஹீட்டர் சூடாகும்போதெல்லாம் மெல்லக் கிளம்பி, சாத்திய கதவுக்கு அடியால் கசிந்து ஹால்வரைக்கும் வந்து நின்றது. சுவரோர ஹீட்டரின் தகரம் சூட்டில் விரிந்து டிக், டிக் என்றது. மேசைக்கு அடியில் கணினியின் ஃபேன் ஒரே சீராக இரைந்தது. அதற்கும் உள்ளே ஹார்ட் டிஸ்க், யாரோ வாயை மூடிக்கொண்டு முறுக்கு மெல்லுகிற மாதிரி கரகரத்தது.

ஃபைலைத் திறந்தான். இரண்டு நாளாக ஆபீஸில் அவன் விழி பிதுங்கி உட்கார்ந்திருந்த அதே புரோகிராம். முழுதாக முடிந்திருந்தது.

அதை அறை என்று சொல்வதே தப்பு. நியூ ஜெர்சி பிளெய்ன்ஸ்பரோவில் அந்த அபார்ட்மென்ட்டைக் கட்டியவன், துணி தொங்கவிடக் கட்டிய இடம். ஜன்னல் கிடையாது. அதில் ஒரு மெத்தை, ஒரு மேசை, ஒரு கணினி. ரெனிஷ் அங்கேதான் படுத்தான், அங்கேதான் உழைத்தான். நாகர்கோவில் பக்கத்துப் பையன். வேலையில் கெட்டிக்காரன், ஆனால் திக்குவாய். இன்டர்வியூவில் முதல் கேள்விக்கே தொண்டை அடைத்துக்கொள்ளும். எந்தக் கம்பெனியும் எடுக்கவில்லை. அவனை அமெரிக்காவுக்குக் கூட்டிவந்த கன்சல்டன்சிக்காரன் சம்பளத்தை நிறுத்திவிட்டு, வேலை கிடைத்தால் சொல்லு என்று விட்டுவிட்டான்.

ஏசுராஜ் கதை நேர் எதிர். தூத்துக்குடி உப்பளத்தில் வளர்ந்தவன். கல்லூரி முடிகிறவரை லீவுக்கு லீவு அப்பாவோடு உப்பு வாரியவன். குதிகால் வெடிப்பு நியூ ஜெர்சிக் குளிரில் இன்றைக்கும் ரத்தம் கசியும். அவனுக்கு உடம்பு வளையும். வாயும் நன்றாக ஓடும். புரோகிராம் எழுதத்தான் வராது. அவன் செய்யாத வேலையையெல்லாம் செய்ததாக எழுதி அவனுடைய கன்சல்டன்சி ஒரு மருந்துக் கம்பெனியில் ஏற்றிவிட்டது. அப்படி வந்தவன் அந்தக் குடியிருப்பில் அவன் ஒருவன் மட்டுமில்லை.

ஆகவே இருவரும் சேர்ந்து ஓர் ஆள் ஆனார்கள். மீட்டிங்கில் பேசுவது ஏசுராஜ். வீட்டில் எழுதுவது ரெனிஷ். சோறும் படுக்கையும் கூலி.

கம்பெனியின் புரோகிராம் வெளியே போகக் கூடாது. போனது தெரிந்தால் வேலை மட்டுமில்லை, கேஸும் வரும். அதனால் ரெனிஷ் வீட்டுக் கணினிக்குள் இன்னொரு கணினி செய்தான். கையால் தொடக்கூடிய பெட்டி இல்லை அது. திரையில் ஒரு சட்டத்துக்குள் ஓடிக்கொண்டு, தன்னை ஒரு முழுக் கணினி என்று நம்பிக்கொண்டிருக்கிற ஒன்று. இன்டர்நெட் கிடையாது. ஸ்பீக்கர் கிடையாது, மைக் கிடையாது. எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, மெஸ்ஸில் சாப்பாட்டுத் தட்டு நீட்டுகிற பொந்து மாதிரி ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகத் திறந்து வைத்தான். அதற்குள் ‘போக’ என்று ஒன்று, ‘வர’ என்று ஒன்று. ஏசுராஜ் பென் டிரைவில் கொண்டுவருவதை ‘போக’வில் போடுவான். முடிந்த வேலை ‘வர’வில் வரும்.

அந்தப் பொதுவான ஃபோல்டரை மாற்றியது ஏசுராஜ்தான். ஒருநாள் அவசரத்தில் எதையோ தேடப்போய், அதற்கு மேலே இருந்த பெரிய ஃபோல்டரையே உள்ளே இருந்த கணினிக்குத் திறந்துவிட்டான்.

“அண்ணே, வீ... வீட்டு ஃபைல் எல்லாம் உள்ள தெரியுது. ஒ... ஒண்ணு மட்டும் காட்டுனா போதும்” என்றான் ரெனிஷ்.

“கிடக்கட்டும்டே. நம்ம வீடுதான.”

வீட்டு ஃபைல் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ‘ஜோவானா’ என்று ஒரு ஃபோல்டர். மகள் பேசியதையெல்லாம் ரெனிஷ் இன்டர்வியூ ஹெட்செட்டை அவள் தலையில் மாட்டிவிட்டு, வெளிக் கணினியில் பதிவு பண்ணி வைத்திருந்தான். தூத்துக்குடித் தாத்தாவுக்கு சி.டி. போட்டு அனுப்ப.

ரெனிஷ் செத்த மதியம் அவனுக்கு ஒரு ஃபோன் இன்டர்வியூ. எதிரில் இருப்பவனுக்கு முகம் தெரியாது. ரெனிஷ் பெயரில் ஏசுராஜ் பேசுவதாகப் பேச்சு. ஏசுராஜ் ஆபீஸ் மீட்டிங்கில் மாட்டிக்கொண்டான். வர முடியாது என்று ஒரு மெசேஜ்கூடப் போடவில்லை.

“அவனே பேசுனான்” என்றாள் ஜெயசெல்வி, பிற்பாடு. “கிச்சன்ல நிக்கேன், கேக்குது. பேர் சொல்ல முடியல, பாவம். அந்தாள் பாதியில வெச்சிட்டான் போல. வெளிய வந்தான். அக்கா, பிள்ளைக்குப் பால் இல்லன்னீங்களே, நான் வாங்கியாரேன்னான். கொட்டுற பனியில வேண்டாம்டேன்னேன். கேக்கல.”

நடைபாதை இல்லாத ரோடு. கார் இல்லாத ஆள். பனியில் சறுக்கிவந்த வண்டிக்காரன் அவனைப் பார்த்ததே இடித்த பிறகுதான்.

போவதற்கு முன்பு உள்ளே இருந்த கணினியை ரெனிஷ் அணைக்கவில்லை. நிறுத்தி வைத்துவிட்டுப் போயிருந்தான். அணைத்தால் எல்லாம் மூடிவிடும். நிறுத்தி வைத்தால் அந்த நொடியில் திறந்திருந்தது திறந்தபடி, பாதி எழுதியது பாதி எழுதியபடி அப்படியே உறைந்து நிற்கும். ஏசுராஜ் அந்தச் சட்டத்தைத் திறக்கவே இல்லை. ரெனிஷ் விட்டுவிட்டுப் போன இடம் கண்ணில் படுமே என்று பயம்.

முந்தின நாள் பழக்கத்தில் அந்த வேலையை ‘போக’வில் போட்டிருந்தான், அவ்வளவுதான். இன்றைக்கும் நிறுத்தப்பட்டது என்றுதான் காட்டியது. நிறுத்தி வைத்த கணினி எப்படி எழுதும் என்று ஏசுராஜ் யோசித்தான். யோசித்துக்கொண்டே ஃபைலைப் பென் டிரைவில் ஏற்றினான்.

*

“ஏசு, என்னய்யா பண்ற நீ வீட்ல உக்காந்து?” டீம் லீட் ராமசுப்ரமணியன் அவன் நாற்காலியின் பின்னால் வந்து நின்றார். சென்னைக்காரர். சிரித்துக்கொண்டே கழுத்தில் கத்தி வைக்கக் கூடியவர். “ஆபீஸ்ல ஒரு லைன் எழுத மாட்டேங்கற. காலைல வந்தா ஃபுல்லா ரெடியா இருக்கு. ஊர்ல ஆள் கீள் வெச்சிருக்கியா? இருந்தா எனக்கும் நம்பர் குடு.”

“வீட்ல உக்காந்தாதான் சார் எனக்கு ஓடும்.”

“ஓடட்டும், ஓடட்டும். காலம் சரியில்ல. மாச முடிவுல கான்ட்ராக்டர்ஸ்ல பாதி பேர கட் பண்றாங்க. உன் பேரு இன்னும் வரல. இன்னும்.”

இரண்டாயிரத்து ஒன்பது ஜனவரி. பக்கத்துப் பில்டிங்குகளில் வாரத்துக்கு ஒரு குடும்பம் சோஃபாவைக் குப்பைத் தொட்டிக்கு அருகே போட்டுவிட்டு ஊருக்கு ஏறிக்கொண்டிருந்தது. வேலை போனால் விசா போகும். விசா போனால் மறுபடி உப்பளம்தான் என்று அர்த்தமில்லை. ஆனால் கனவில் அப்படித்தான் வந்தது, வெள்ளை வெளேரென்று. விழித்து ஜன்னலைப் பார்த்தால் வெளியேயும் வெள்ளை.

அன்று சாயங்காலம் அடுத்த வேலையை ‘போக’வில் போட்டான். போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினான். சாத்தியவன் ஹாலில் உட்கார்ந்து டிவி பார்க்கிற மாதிரி இருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் கரகர சத்தம். நிற்கும். மறுபடி தொடங்கும். சாப்பிடுகிற சத்தம் மாதிரி இருந்தது அவனுக்கு. மறுநாள் வேலை வந்திருந்தது.

சனிக்கிழமை ஜோவானா திராட்சை தின்றுகொண்டிருந்தாள். தட்டில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள். நாலு வயதுக்கு நன்றாக எண்ணுவாள். எண்ணி முடித்தால்தான் தின்பாள்.

“எத்தன இருக்கு, குட்டி?”

விரல் நகர்ந்தது. உதடு அசைந்தது. அடுத்த திராட்சை. உதடு அசைந்தது. கடைசித் திராட்சை வரைக்கும் அப்படியே போய், நிமிர்ந்து, “தட்ஸ் ஆல்” என்றாள்.

“சத்தமா எண்ணு.”

மறுபடி விரல். மறுபடி உதடு. ஒன்று என்று உதடு குவிகிறது. குரல் இல்லை. இரண்டு என்று நாக்கு மடங்குகிறது. குரல் இல்லை. மூச்சுக்காற்றுகூட இல்லை.

“அப்பா, ஆர் யூ நாட் லிசனிங்?” என்று கோபித்துக்கொண்டாள். அது மட்டும் கணீரென்று கேட்டது.

விளையாடுகிறாள் என்று சொல்லிக்கொண்டே அறைக்குப் போனான். ‘ஜோவானா’ ஃபோல்டரைத் திறந்தான். அவள் எண்ணுவதைப் பதிந்த ஃபைல் அதில் இல்லை. காக்காய், நாய், பசு என்று மிருகங்கள் மாதிரி கத்திக்காட்டிய ஃபைலும் இல்லை. கணினியின் குப்பைத் தொட்டியில் தேடினான். இல்லை. யாரும் அழிக்கவில்லை. நகர்ந்திருக்கிறது. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்.

ஹாலுக்கு வந்து, “காக்கா எப்படிக் கத்தும்?” என்று கேட்டான்.

பிள்ளை வாயைப் பெரிதாகத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. ஹாலில் ஹீட்டர் சத்தம் மட்டும்.

*

உடனே நிறுத்தியிருக்க வேண்டும். அவனும் அப்படித்தான் நினைத்தான், அடுத்த வேலையை உள்ளே போட்டுக்கொண்டே. வேலை வந்தது. அன்றிரவு சாப்பாட்டு மேசையில் ஜோவானா கை கூப்பிக் கண்ணை மூடி ஜெபம் சொன்னாள். ரசம் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. உதடு ஓடுகிறது. சிலுவை போட்டுக்கொண்டு ஸ்பூனை எடுத்தாள்.

“எங்கட்டி சொன்ன? அம்மாக்குக் கேக்கலயே” என்றாள் ஜெயசெல்வி.

“ஐ செட் இட்.”

“மனசுக்குள்ள சொன்னியா?”

“நோ, அம்மா. சத்தமாத்தான். சித்தப்பா கேன் ஹியர் மீ.”

ஜெயசெல்வியின் கை கரண்டியோடு நின்றது. ரெனிஷைத்தான் பிள்ளை சித்தப்பா என்று கூப்பிடும்.

“சித்தப்பா சாமிகிட்ட போயிட்டாங்கல்ல, அங்க கேக்கும்” என்று அவளே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டாள். ஆனால் பிள்ளை மேலே பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள். அறை இருக்கிற பக்கத்துச் சுவரை.

டேகேர் டீச்சர் கூப்பிட்டுச் சொன்னாள்: திடீரென்று சில வார்த்தைகளுக்கு மட்டும் குரல் வருவதில்லை, டாக்டரிடம் காட்டுங்கள். காட்டினார்கள். டாக்டர் தொண்டையில் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். வீட்டில் ஏதாவது சாவு நடந்ததா என்று கேட்டார். ஆமாம் என்றார்கள். அப்படியானால் கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்றார்.

ஏசுராஜ் அன்று வந்ததும் ‘ஜோவானா’ ஃபோல்டரைப் பொதுவிலிருந்து எடுத்தான். மிச்சம் ஒரே ஒரு பதிவுதான் இருந்தது. ஜோவானா சிரிக்கிற பதிவு. ரெனிஷ் என்ன வேடிக்கை காட்டினானோ, மூச்சு வாங்க வாங்கச் சிரித்திருப்பாள். அதைத் தனியாக வேறு இடத்தில் ஒளித்தான். தாத்தாவுக்கு அனுப்பப் பதிந்து வைத்திருந்த சி.டி.யைப் போட்டுப் பார்த்தான். எண்ணுகிற பதிவு ஓடியது. நேரம் நகர்ந்தது. சத்தம் இல்லை. ஜெபம் ஓடியது. சத்தம் இல்லை. சிரிப்பு மட்டும் அப்படியே கேட்டது. அறை முழுக்கத் தெறித்தது. அது நின்றபோது அறை முன்னைவிடக் குளிர்ந்திருந்தது.

போனது திரும்பவில்லை. ஆனால் புதிதாக எதுவும் போகவும் இல்லை. ஒரு வாரம் தானே உட்கார்ந்து எழுதிப் பார்த்தான். உப்பு வாரினவனுக்கு உழைக்கப் பயமில்லை. உழைத்தால் வருகிற வேலையாக அது இல்லை.

வெள்ளிக்கிழமை ராமசுப்ரமணியன் கார் பார்க்கிங்கில் பிடித்தார்.

“ஏசு, ஒளிவு மறைவு இல்லாம சொல்றேன். லிஸ்ட்ல உன் பேரு இருக்கு. புதன்கிழமை கிளையன்ட்டுக்கு டெமோ. முழு மாட்யூலும் ஓடணும். ஓடிச்சுன்னா நான் அடிச்சுப் பேசி உன்ன காப்பாத்திடுவேன். இல்லன்னா பேக் பண்ணிக்கோ. வீட்ல குழந்தைக்கு வேற உடம்பு சரியில்லன்ன. இன்ஷூரன்ஸும் போயிடும், பாத்துக்கோ.”

“ஓடும் சார்.”

“நீ பேசுனா எல்லாமே ஓடற மாதிரிதான்யா இருக்கு.”

சனிக்கிழமை மொத்த வேலையையும் ‘போக’வில் போட்டான். ஞாயிறு கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்த்தான். தொடாமல் கிடந்தது. திங்கள் சாயங்காலமும் அப்படியே கிடந்தது. ஹார்ட் டிஸ்க் கரகரக்கவில்லை. அறை இவ்வளவு அமைதியாக எப்போதும் இருந்ததில்லை. எதிரில் யாரோ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அமைதி.

கூலி வைக்காமல் எவன் வேலை செய்வான். அவன் அப்பாவே செய்ததில்லை.

ஹெட்செட்டை எடுத்தான். ஸ்பாஞ்சில் ரெனிஷின் எண்ணெய்ப் பிசுக்கு. தன் குரலைப் பதிந்து வைத்தால் என்ன. மைக்கை உதட்டுக்குக் கீழே இழுத்தான். பதிவுப் பட்டனின் மேல் மவுஸ் நின்றது. புதன்கிழமை டெமோ. பேச வேண்டியது அவன். அவனிடம் இருப்பதே அந்த வாய் ஒன்றுதான். அது போனால் மாட்யூல் ஓடி என்ன, ஓடாமல் என்ன.

சுவருக்கு அந்தப் பக்கம் ஜோவானா குளித்துக்கொண்டு எதற்கோ சிரித்தாள்.

சிரிப்புதானே. பேச்சு இருக்குமே. சின்னப் பிள்ளை, மறுபடி வந்துவிடும்.

அந்த ஃபைலை எடுத்தான். நகர்த்தவில்லை, நகல்தான் போட்டான், அசல் தன்னிடம் இருக்கட்டும் என்று. தன் கையால் இழுத்து, பொதுவான ஃபோல்டருக்கு மேலே கொண்டுபோய், விரலைத் தூக்கினான்.

கரகர சத்தம் உடனே தொடங்கியது.

*

புதன்கிழமை விடியும்போதே பனி கொட்டியது. ஆபீஸ் மூடல், டேகேர் மூடல். டெமோ ஃபோனில் நடக்கும் என்று மெயில் வந்தது. ‘வர’வில் மாட்யூல் வந்திருந்தது. ஓட்டிப் பார்த்தான். எண்ணெய் விட்ட செக்கு மாதிரி ஓடியது.

காலையிலிருந்தே படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை பார்த்து, மதியம் பேசினான். அன்றைக்குப் பேசிய மாதிரி அவன் எப்போதும் பேசியதில்லை. கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது. கிளையன்ட்காரர்கள் இருமுறை சிரித்தார்கள். வெளியே பனி வாருகிற வண்டி ரோட்டைச் சுரண்டிக்கொண்டு போனது, வந்தது, போனது. எல்லாரும் லைனை விட்ட பிறகு ராமசுப்ரமணியன் மட்டும் இருந்தார்.

“ஒரு வருஷம் எக்ஸ்டென்ஷன். போய்க் குழந்தைய கொஞ்சு.”

கதவைத் திறந்தான். மணி நாலுதான் இருக்கும், அதற்குள் ஹால் இருட்டியிருந்தது. யாரும் விளக்குப் போடவில்லை. ஜெயசெல்வி கிச்சன் தரையில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் இரண்டு கன்னங்களும் அவள் கைக்குள். ஜோவானாவின் வாய் ஓடிக்கொண்டே இருந்தது. ஏதோ கதை சொல்கிறாள். கண் விரிகிறது, புருவம் ஏறுகிறது, நடுவில் தோள் குலுங்கச் சிரிக்கிறாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

“பேசிக்கிட்டுதான் இருக்கா” என்றாள் ஜெயசெல்வி. அவள் குரல் மிகவும் நிதானமாக இருந்தது. “காலையில பிடிச்சுப் பேசுதா. நீங்க ஃபோன்ல இருக்கீங்கன்னு கூப்பிடல. ஏங்க, எனக்குத்தான் கேக்கலயா? சொல்லுங்க. எனக்குக் காது போச்சா?”

“இல்ல.”

“உங்களுக்குக் கேக்குதா?”

அவன் பிள்ளையின் வாயையே பார்த்தான்.

“அந்த ரூம்ல என்ன செஞ்சீங்க?”

பெரிய வேலை. பெரிய கூலி. சிரிப்போடு நிற்கும் என்று அவனாகத்தான் நினைத்துக்கொண்டான். யாரும் அப்படிச் சொல்லவில்லை.

அறைக்குப் போனான். ஹெட்செட்டை மாட்டினான். இப்போது மவுஸ் நிற்கவில்லை. தன் பெயரைச் சொன்னான். அப்பா பெயர், அம்மா பெயர் சொன்னான். எண்ணினான். ஜெபம் சொன்னான். மீட்டிங்கில் பேசுவதையெல்லாம் பேசினான். உப்பளத்தில் கத்துகிற மாதிரி கத்தினான். எல்லாவற்றையும் ஒரே ஃபைலாக்கிப் பொதுவில் போட்டான்.

எடுத்துக்கோடே. என் குரல எடுத்துக்கோ. பிள்ளய விட்டிரு.

ஃபைல் கிடந்தது.

காத்திருந்தான். ஹீட்டர் நின்றது. எண்ணெய் வாசம் மேசைக்கு மேலே, மூக்குக்கு நேராக வந்து நின்றது. புதிய வாசம். இப்போது தலை சீவினது போல. மறுபடி ஒரு தடவை போட்டான். கிடந்தது. தொடவில்லை. முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அப்போதுதான் அந்தச் சட்டத்தைத் திறந்தான்.

நிறுத்தப்பட்டது என்று எழுதியிருந்த இடத்தைத் தொட்டதும் எழுத்து மறைந்தது. உள்ளே இருந்த கணினி எழவில்லை; எழ வேண்டியிருக்கவில்லை. அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கறுப்புத் திரை. நடுவில் குரல் பதிகிற புரோகிராம் திறந்திருந்தது. மைக் இல்லாத, ஸ்பீக்கர் இல்லாத கணினியில். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து ஓடிய நேரம். கீழே ஒரு பச்சைக் கோடு. குரல் வந்தால் எழும், நின்றால் படுக்கும் கோடு.

எழுந்தது. படுத்தது. எழுந்தது.

சத்தம் இல்லை.

கோட்டையே பார்த்தான். நீளமாக எழுந்தது. சின்னதாகத் துடித்தது. பிறகு சடசடவென்று, மூச்சு வாங்க வாங்க, மேலேயும் கீழேயும். சிரிப்பு.

திரையின் கறுப்பில் பின்னால் இருந்த கதவு தெரிந்தது. கதவில் ஜோவானா. கிச்சனிலிருந்து எப்போது வந்தாள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. தோளும் கோடும் ஒன்றாக நின்றன.

அவன் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

பிள்ளை வாயை மூடிக்கொண்டாள். கோடு படுத்தது.

பிறகு கோடு எழுந்தது. பிள்ளையின் வாய் மூடியே இருந்தது. கோடு எழுந்தது, படுத்தது, நீண்டது. யாரோ பொறுமையாகச் சொல்கிறார்கள். ஜோவானா தலையைச் சாய்த்துக் கேட்டாள். சரி என்று தலையாட்டினாள். இன்னும் கொஞ்சம் கேட்டாள். மறுபடி தலையாட்டினாள்.

கிச்சனிலிருந்து ஜெயசெல்வி பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பிள்ளை திரும்பவில்லை. காது கேட்காதவள் மாதிரி.

நடந்து வந்தாள். அவன் நாற்காலியை ஒட்டி நின்றாள். அவனுடைய முழங்கையில் அவள் கன்னத்தின் சூடு பட்டது. எட்டி, திரையில் உள்ளங்கையை வைத்தாள். உதடுகள் ஒட்டின. பிரிந்தன.

பச்சைக் கோடு இரண்டு தரம் துடித்தது. அப். பா.

அவள் திரைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்க்கவே இல்லை.